புரிந்த மாதிரிதான் இருந்தது: கற்பிப்பது ஏன் கடினம், நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிப்பது ஏன் அதைவிடக் கடினம்

ஆசிரியர்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. "அவருக்குப் பாடம் அத்துப்படி, ஆனால் சொல்லித்தரத் தெரியாது." "அந்த டீச்சர் வகுப்பு கலகலப்பாக இருக்கும்." "அவரிடம் படித்தால் எல்லாரும் பாஸ்." இந்த மூன்றையும் நாம் எல்லோருமே ஏதாவது ஒரு சமயத்தில் சொல்லியிருப்போம். முதலாவது ஆசிரியரின் அறிவைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது மாணவர்களின் மனநிலையைப் பற்றி, மூன்றாவது தேர்வு முடிவைப் பற்றி. பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா, கற்றது நின்றதா என்ற கேள்வி மூன்றிலுமே இல்லை.

நான் சில வருடங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்று பிரமாதமாக விளக்கிவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போன நாட்களுக்கும், பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொண்ட நாட்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அது ஏன் அப்படி என்று புரிய எனக்கு நாள் பிடித்தது. புரிந்ததை முதலிலிருந்து எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். கற்பிப்பது ஏன் கடினம் என்பது முதல் பாதி, நல்ல ஆசிரியரை அடையாளம் காண்பது ஏன் கடினம் என்பது அடுத்த பாதி. முதல் பாதி பிடிபட்டால் அடுத்தது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

## தெரிந்தவருக்குச் சொல்லவும் தெரியுமா?

சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரிடம், ஓட்டவே தெரியாத ஒருவருக்குப் போனில் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். "பேலன்ஸ் பண்ணு" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கினால் கைப்பிடியையும் இடது பக்கமே திருப்ப வேண்டும். ஓட்டத் தெரிந்த எல்லோரும் ஒவ்வொரு விநாடியும் அதைத்தான் செய்கிறோம், ஆனால் கேட்டால் "வலது பக்கம் திருப்புவேன்" என்று நம்பிக்கையோடு சொல்பவர்கள் நிறைய. பழகப் பழகத் திறமை உடம்புக்குள் இறங்கிவிடுகிறது, வாய்க்கு எட்டாமல் போய்விடுகிறது.

படிப்பிலும் இதேதான். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சின்னச் சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை மட்டும் விரலால் மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது, பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுதாக, மெட்டோடும் வரியோடும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டக், டக் என்ற சத்தம் மட்டும்.

இந்தக் கோளாறுக்கு 'அறிவின் சாபம்' என்று பெயர். ஒரு விஷயம் நமக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அது தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யவே முடியாமல் போவதுதான் அது. கரும்பலகை முன்னால் நிற்பவர் எவ்வளவு பெரிய மேதையோ, அவ்வளவுக்கு இந்தச் சாபமும் பலமாக இருக்கும்.

இது நம் முன்னோர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல், ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்குச் சொல்லும் உவமைகளில் இரண்டு குடங்கள் வருகின்றன. ஒன்று கழற்குடம். கழற்காய்களைப் போட்ட குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் வராமல் முன்னது பின்னதாகக் கொட்டும். இன்னொன்று பருத்திக் குண்டிகை. குறுகிய வாய் உள்ள கலத்தில் பஞ்சை அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. இரண்டு குடமும் காலியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே சரக்கு இருக்கிறது. வெளியே வரும் விதத்தில்தான் சிக்கல்.

## தப்பான விடைக்குள் ஒரு விதி இருக்கிறது

கற்பித்தல் என்றால் தெளிவாக விளக்குவது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விளக்குவது அதில் ஒரு பகுதி, அதுவும் ஒப்பீட்டில் சுலபமான பகுதி. மீதி எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

62-லிருந்து 37 போனால் 25. ஒரு பையன் 35 என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையால் அடித்துவிட்டு, "கவனமாகப் போடு" என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவது வழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் கதையே வேறு.

"ஏழிலேருந்து ரெண்டு போனா அஞ்சு. ஆறிலேருந்து மூணு போனா மூணு."

"ரெண்டு மேலேதானே இருக்கு, ஏழு கீழே இருக்கே?"

"பெரிசுலேருந்துதானே சின்னதைக் கழிக்கணும்?"

இந்த விதியை அவன் எங்கிருந்து பிடித்தான் என்று யோசித்துப் பாருங்கள். "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று யாரோ ஓர் ஆசிரியர், நல்ல எண்ணத்தோடு, அவனுடைய முதல் கழித்தல் பாடத்தில் சொல்லியிருப்பார். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, பிசகாமல் பின்பற்றுகிறான். 81-லிருந்து 46-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று வரும் என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கவனக்குறைவு என்று நாம் எழுதியது உண்மையில் கவனத்தின் உச்சம்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. அதே பையனிடம் 68-லிருந்து 25-ஐக் கழிக்கச் சொன்னால் 43 என்பான். சரியான விடை. கடன் வாங்கத் தேவையில்லாத பத்துக் கணக்கு கொடுத்தால் பத்துக்குப் பத்து வாங்குவான். அவன் தலைக்குள் இருக்கும் தவறான விதி முழு மதிப்பெண்ணோடு பத்திரமாக அடுத்த வகுப்புக்குப் போய்விடும். சரியான விடை வந்துவிட்டது என்பதாலேயே சரியாகப் புரிந்துவிட்டது என்று ஆகாது.

1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கணக்குத் தவறுகளை இப்படி விதி விதியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். கண்டபடி போட்டது போலத் தெரிந்த பல விடைகளுக்குப் பின்னால் ஒழுங்கான ஒரு தவறான விதி இருந்தது. தவறுகளைப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடிக்க ஆசிரியர்கள் பழகுவதற்காக ஒரு கணினி நிரலையே உருவாக்கினார்கள், ஏனென்றால் கழிக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இங்கேதான் ஒரு முக்கியமான சொல்லைச் சொல்ல வேண்டும். 1986-இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர், பாட அறிவு வேறு, பொதுவாக வகுப்பு நடத்தும் அறிவு வேறு, இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று இருக்கிறது என்று சொன்னார். தமிழில் அதைக் 'கற்பித்தலுக்கான பாட அறிவு' என்று சொல்லலாம். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், எந்தத் தவறு எதனால் வருகிறது, எந்த உதாரணம் வழிவிடும், எந்த உதாரணம் பிற்பாடு வேறொரு குழப்பத்தைக் கொண்டுவரும் என்று தெரிந்திருப்பது. கணிதத்தில் பட்டம் வாங்கியவருக்கு இது தானாக வந்துவிடாது. வகுப்பைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்தவருக்கும் தானாக வராது.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். ஒரு விஷயம் தெரிந்திருப்பதே அதைச் சொல்லித்தருவதற்குத் தடையாக ஆகலாம். மாணவரின் தலை காலிப் பாத்திரம் இல்லை, அதற்குள் ஏற்கனவே சில விதிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் சில தப்பானவை. அவற்றைக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் கற்பித்தலின் பெரிய வேலை. அந்த வேலை நடக்கும் இடம் இன்னொருவரின் தலைக்குள். அங்கே யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

## இதையே முப்பது பேருக்கு, ஒரே நேரத்தில்

மருத்துவர் ஒரு சமயத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். நோயாளியும் எங்கே வலிக்கிறது என்று அவரே சொல்கிறார். முப்பது நோயாளிகள் ஒரே அறையில், ஆளுக்கொரு நோயோடு, பாதிப் பேர் தங்களுக்கு நோயே இல்லை என்று நினைத்துக்கொண்டு, மீதிப் பேர் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? வகுப்பறை அப்படித்தான் இருக்கிறது.

அதனால்தான் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு எந்தப் பயனும் இல்லை. புரிந்தவர் தலையாட்டுவார். புரிந்ததாக நினைப்பவரும் ஆட்டுவார். புரியாதவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆட்டிவிடுவார்.

சரி, பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால்? அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரைக் கேட்கிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மௌனமாக மூன்று விநாடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியே இருந்து பார்த்தால் அந்த ஆசிரியர் ஒன்றுமே செய்யாமல் நிற்பது போல இருக்கும்.

## நமக்குத் தெரியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது?

விமானம் ஓட்டுவது பற்றியோ அறுவை சிகிச்சை பற்றியோ நாம் இவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆசிரியர் வேலை மட்டும் ஏன் எல்லோருக்கும் தெரிந்தது போல இருக்கிறது? டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒரு மாணவர் கிட்டத்தட்ட 13,000 மணி நேரம் ஆசிரியர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று அவர் கணக்கிட்டார். அவ்வளவு நேரம் பார்த்த ஒரு வேலையைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அவ்வளவு நேரமும் நாம் பார்த்தது மேடையின் முன்பக்கத்தை மட்டும். 62 கழித்தல் 37-ஐ ஏன் முதல் கணக்காகக் கொடுத்தார், எந்தப் பதிலைக் கேட்டு அடுத்த நாள் பாடத்தையே மாற்றினார், யாரிடம் வேண்டுமென்றே கேட்காமல் விட்டார் என்பதெல்லாம் பெஞ்சில் இருந்தவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

புதிதாக ஆசிரியராக வருபவர்களும் இதே 13,000 மணி நேரத்தோடுதான் வருகிறார்கள். தங்களுக்குப் பிடித்த ஆசிரியரைப் போலச் செய்யப் பார்க்கிறார்கள், வெளியே தெரிந்ததை மட்டும்.

## நேரில் பார்த்தால் தெரிந்துவிடாதா?

இப்போது இரண்டாம் பாதிக்கு வருவோம். அனுபவமுள்ள ஒருவர் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தால் நல்ல ஆசிரியர் யார் என்று சொல்லிவிட முடியாதா?

2011-இல் மைக்கேல் ஸ்ட்ராங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாணவர்களின் முன்னேற்றத்தை வைத்து அதிகப் பலன் தருபவர், குறைந்த பலன் தருபவர் என்று ஏற்கனவே தெரிந்த ஆசிரியர்களின் வகுப்புக் காணொளிகளைக் காட்டி, யார் எந்தப் பக்கம் என்று சொல்லச் சொன்னார்கள். பார்த்தவர்களின் மதிப்பீடுகள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போயின. ஆனால் உண்மையோடு ஒத்துப்போகவில்லை. நல்ல ஆசிரியர் எப்படி இருப்பார் என்று நம் எல்லோர் மனதிலும் ஒரே மாதிரி ஒரு படம் இருக்கிறது, அந்தப் படம்தான் தப்பு என்பது இதன் பொருள். பத்துப் பேர் ஒரே கருத்தைச் சொல்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. மொத்தமாக "எப்படி இருந்தது" என்று பார்க்காமல், கற்பிக்கும் செயல்களைக் குறிப்பாகக் கவனிக்கும் சில அளவுகோல்கள் மட்டும் பலனோடு ஒத்துப்போயின.

## மாணவர்களையே கேட்டால்?

வருடம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தானே, அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் தெரியும். எதைத் தெரியும் என்பதுதான் விஷயம்.

1970-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் போன்றோர் முன்னால் பேசவைத்தார்கள். அவருக்கு அந்தத் துறை பற்றி ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாக, பொருளே இல்லாமல், ஆனால் உற்சாகமாகவும் நகைச்சுவையாகவும் பேசும்படி பயிற்சி கொடுத்திருந்தார்கள். கேட்டவர்கள் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். படித்தவர்களே, தங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விஷயத்திலேயே, பேச்சின் துள்ளலைக் கற்றலாக எடுத்துக்கொண்டார்கள் என்றால் பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

நடிகர் கதை ஒரு எல்லை, அதோடு விட்டுவிடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு. ஒரு பிரிவு மாணவர்களுக்குத் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் சரளமாக விரிவுரை நடத்தினார். இன்னொரு பிரிவு அதே பாடத்தைச் சிறு குழுக்களாகப் பிரிந்து, முதலில் தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டி, பிறகு ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்டது. தேர்வு வைத்தபோது மல்லுக்கட்டியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றுக்கொண்டதாக உணர்கிறீர்கள்?" என்று கேட்டால், விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். சரளமான விளக்கம் புரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தருகிறது. தானே போராடும்போது குழப்பம் வெளியே தெரிகிறது, குழப்பம் கற்காததுபோல இருக்கிறது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் போல ஒதுக்கப்படுவார்கள். ஒரு பாடத்தை எத்தனை பேர் எடுத்தாலும் பாடத்திட்டமும் தேர்வும் ஒன்றுதான். 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, நடப்புப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கவைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்களிடம் நல்ல மதிப்பீடு கிடைத்திருந்தது. ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தின் மேல் கட்டப்பட்ட அடுத்தடுத்த பாடங்களில் பின்தங்கினார்கள். அடுத்த பாடங்களில் மாணவர்களை நன்றாகச் செய்யவைத்த ஆசிரியர்களுக்கோ, மதிப்பீடு குறைவாகத்தான் இருந்தது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. இப்போது, இந்த வகுப்பில், செய்துகாட்ட முடிவது 'செயல்திறன்'. மூன்று மாதம் கழித்து, வேறொரு இடத்தில், யாரும் ஞாபகப்படுத்தாமல் செய்ய முடிவதுதான் 'கற்றல்'. ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் பல வருடமாகச் சொல்லிவருவது இதைத்தான்: செயல்திறனைச் சட்டென்று உயர்த்தும் பல உத்திகள் கற்றலை உயர்த்துவதில்லை, சில சமயம் குறைத்தும்விடுகின்றன. எடை தூக்கும்போது ஒருவர் கூடவே பிடித்துத் தூக்கிக்கொடுத்தால் எடை லேசாக மேலே போகும், தசை வளராது. பாடத்தை வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பது, விடையைச் சொல்வதற்கு முன் யோசிக்கவிடுவது, வெவ்வேறு வகைக் கணக்குகளைக் கலந்து கொடுப்பது எல்லாமே மாணவருக்கு அந்த நேரத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகுதான் பலன் தெரியும். பிறகு என்பது பெரும்பாலும் வேறொரு ஆசிரியரின் வகுப்பில் நடக்கும்.

## மதிப்பெண் பொய் சொல்லாதே?

வெறும் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அளப்பது அநியாயம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்கனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு நல்ல தேர்ச்சி வரும். அதனால் பொருளாதார வல்லுநர்கள் வேறு வழி யோசித்தார்கள். போன வருடம் 40 எடுத்த பிள்ளைகள் பொதுவாக இந்த வருடம் 45 எடுப்பார்கள் என்றால், இந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் 49 எடுத்திருந்தால் அந்த 4 அவருடைய பங்கு. இதற்குக் 'கூட்டிய மதிப்பு' என்று பெயர். கேட்க நியாயமாக இருக்கிறது, பெரிய அளவில் பார்த்தால் இதில் உண்மையும் இருக்கிறது. ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2014-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து, இப்படி அதிக மதிப்புக் கூட்டும் ஆசிரியர்களிடம் படித்தவர்கள் வளர்ந்தபின் கல்லூரிக்குப் போவதும் சம்பாதிப்பதும் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். ஆக, நல்ல ஆசிரியர் என்ற ஒன்று நிச்சயமாக இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு தனி ஆசிரியரை, ஒரு வருட மதிப்பெண்ணை வைத்து, இவர் நல்லவர் இவர் மோசம் என்று பிரிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. முப்பது பேர் ஆளுக்குப் பத்து முறை காசு சுண்டினால் ஒன்றிரண்டு பேருக்கு எட்டு தலை விழத்தான் செய்யும். அவர்கள் காசு சுண்டுவதில் வல்லவர்கள் இல்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தாலே சராசரி மாறிவிடும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாணவர்களின் மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியர்களால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆசிரியர் முக்கியம் இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. மீதிச் சத்தத்துக்கு நடுவில் ஒருவருடைய குரலைப் பிரித்துக் கேட்பது எவ்வளவு கடினம் என்றுதான் படிக்க வேண்டும்.

ஜெஸ்ஸி ரோத்ஸ்டீன் 2010-இல் இன்னொரு ஓட்டையைக் காட்டினார். அதே கணக்கு முறையைப் பயன்படுத்தி, ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தன் மாணவர்களின் நான்காம் வகுப்பு முன்னேற்றத்தை எவ்வளவு 'பாதித்தார்' என்று பார்த்தார். பாதிப்பே இருக்கக் கூடாது, ஏனென்றால் அப்போது அவர் அந்தப் பிள்ளைகளைச் சந்தித்தே இருக்க மாட்டார். ஆனால் கணக்கு, பாதிப்பு இருப்பதாகக் காட்டியது. காரணம், எந்தப் பிள்ளை எந்த ஆசிரியரிடம் போகிறது என்பது குலுக்கல் முறையில் நடப்பதில்லை. சிரமப்படும் பிள்ளைகளைப் பொறுமைசாலியான ஆசிரியரிடம் அனுப்பும் தலைமையாசிரியர்கள் உண்டு, அப்படி அனுப்புவது நல்ல காரியமும்கூட. கணக்கில் அது அந்த ஆசிரியரின் குறையாகப் பதிவாகலாம்.

அப்புறம், ஓர் எண்ணை வைத்துத்தான் வேலையும் சம்பளமும் என்று ஆக்கிவிட்டால் அந்த எண்ணே கெட்டுப்போகும். சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்பெல் 1970-களிலேயே இதை எச்சரித்தார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் 2009-இல் நடந்த தேர்வுகளை விசாரித்து 2011-இல் வெளிவந்த அரசு அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் நிர்வாகிகளும் முறைகேட்டில் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. பிள்ளைகளின் விடைத்தாள்களில் தப்பான விடைகளை அழித்துச் சரியானதைக் குறித்திருந்தார்கள். எந்தத் தப்பான விடைக்குள் அந்தப் பிள்ளையின் சிக்கல் இருந்ததோ, அதையே அழித்துவிட்டார்கள். எனக்கு அந்தச் செய்தியில் மனதை அறுப்பது அதுதான்.

இதையும் சுருக்கிக்கொள்வோம். நேரில் பார்ப்பவர் நடத்தும் விதத்தைப் பார்க்கிறார். மாணவர் அந்த நேரத்து உணர்வைச் சொல்கிறார். மதிப்பெண், ஆசிரியரோடு இன்னும் பலவற்றையும் சேர்த்து அளக்கிறது. பட்டங்களும் சான்றிதழ்களும் இவற்றைவிடக் குறைவாகவே சொல்கின்றன. அனுபவம் முதல் சில வருடங்களில் நிறைய உதவுகிறது, பிறகு ஆளுக்கு ஆள் மாறுகிறது.

## சரி, பின்னே எதைப் பார்ப்பது?

ஒரே அளவுகோலை நம்பாமல் பலவற்றைச் சேர்ப்பது ஒரு வழி. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் 2009 முதல் சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பலமுறை வகுப்பைப் பார்ப்பது, மாணவர்களின் பதில்கள், மதிப்பெண் முன்னேற்றம் மூன்றையும் சேர்த்தால் தனித்தனியாகப் பார்ப்பதைவிட நம்பகமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் இப்படி அளந்து, அதன்படி ஆட்களை எடுத்து, ஊதியம் கொடுத்துச் சில மாவட்டங்களில் பல வருடம் செயல்படுத்திய திட்டத்தை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு, மாணவர்களின் கற்றலில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்பது. அளவுகோல் செம்மையாவதால் மட்டும் கற்பித்தல் செம்மையாகிவிடுவதில்லை.

அந்த 3,000 ஆசிரியர் ஆய்வில் மாணவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆசிரியரைப் பிடிக்குமா என்று கேட்டு நிறுத்தவில்லை. இந்த வகுப்பில் எங்கள் தவறுகளைத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொள்கிறோமா என்பது போல, வகுப்பில் நடப்பதைக் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு பிள்ளைக்குக் கல்வியியல் தெரிந்திருக்கத் தேவையில்லை.

என் கருத்தும் அதுதான். நீங்கள் பெற்றோராக, தலைமையாசிரியராக, அல்லது படிக்கும் மாணவராக இருந்து ஓர் ஆசிரியரை எடைபோட வேண்டியிருந்தால், விளக்கும் அழகைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு தப்பான பதில் வரும் நேரத்தைப் பாருங்கள். 0.8 பெரிதா, 0.35 பெரிதா என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் எழுந்து 0.35 என்கிறாள். ஒரு வகுப்பில், "தப்பு, உட்காரு, அடுத்தது யாரு?" என்று ஐந்து விநாடியில் முடிந்துவிடும். சரியான விடை வரும், பாடம் ஓடும், பார்க்க விறுவிறுப்பாக இருக்கும்.

இன்னொரு வகுப்பில் ஆசிரியர் நிற்கிறார். "எப்படிப் பார்த்தே?" என்கிறார். "முப்பத்தஞ்சு எட்டைவிடப் பெரிசுதானே" என்கிறாள் அவள். இன்னும் நாலைந்து தலைகள் மெல்ல ஆடுவது அவர் கண்ணில் படுகிறது. தப்பு என்று அவர் சொல்லவில்லை. பலகையில் ஒரு நீளக் கோடு வரைந்து, ஒரு முனையில் 0, மறு முனையில் 1 என்று எழுதி, நடுவில் பத்துச் சமபாகம் பிரித்து, சாக்பீஸை அவளிடமே கொடுக்கிறார். அவள் எட்டாவது கோட்டில் 0.8-ஐக் குறிக்கிறாள். 0.35-க்காகக் கை மூன்றாவது கோட்டையும் நாலாவது கோட்டையும் நோக்கிப் போய் அங்கேயே நிற்கிறது. வகுப்பு அமைதியாக இருக்கிறது, ஆசிரியரும் ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறார்.

வகுப்புக்குள் போய்ப் பார்க்க எல்லோருக்கும் வாய்ப்பு இருக்காது. அப்படியானால் சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்ற வழக்கமான கேள்வியோடு இதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: "இன்னைக்கு யாராவது தப்பாப் பதில் சொன்னாங்களா? அப்போ டீச்சர் என்ன பண்ணாங்க?"